‘ஆமா’ போட ஒரு பிள்ளை: விடுமுறையில் சின்னக் குழந்தைகளோடு பாட்டும் தாளமும்

என் அப்பா வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்தவர். கோயில் கொடை விழா என்றால் விடிய விடிய மேடையில் இருப்பார். நான் மேடைக்கு முன்னால் விரித்த பாயில், அம்மாவின் மடியில் தலை வைத்துக் கிடப்பேன். கதையில் பாதி எனக்குப் புரியாது. ஆனால் பாடுகிறவர் ஒரு வரியைச் சொல்லி நிறுத்தியதும் பக்கத்தில் இருப்பவர்கள் ஒரே குரலில் ‘ஆமா’ என்பார்களே, அது எப்போது வரும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். தூக்கக் கலக்கத்திலும் அவர்களோடு சேர்ந்து சொல்லிவிடுவேன். “இன்றைக்கு நீயும் எங்கள் குழுவில்தான் இருந்தாய்” என்று விடியற்காலையில் அப்பா சொல்லுவார். எனக்குப் பெருமை தாங்காது.

பிறகு 26 ஆண்டுகள் அங்கன்வாடியில் வேலை பார்த்தேன். இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுவரை உள்ள பிள்ளைகள். இப்போது ஓய்வு பெற்று, சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் வீட்டோடு இருக்கிறேன். ஏப்ரல், மே விடுமுறையில் பேத்தியும் பேரனும் வந்துவிடுவார்கள். பேத்திக்கு ஐந்தரை வயது, பேரனுக்கு இரண்டே முக்கால். அக்கம்பக்கத்திலிருந்து இன்னும் நான்கைந்து பிள்ளைகள் கூடிவிடுவார்கள். “அக்கா, இதுகளைக் கைபேசியிலிருந்து பிரித்து எப்படி உட்கார வைக்கிறீர்கள்?” என்று அவர்களின் தாய்மார் கேட்பார்கள். நான் செய்வதை அப்படியே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சின்னப் பிள்ளைக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க உட்காராதீர்கள். நீங்கள் பாடுங்கள், பாட்டுக்கு நடுவே பிள்ளைக்கு ஓர் இடம் விடுங்கள். அந்த இடத்தைப் பிள்ளை நிரப்பும். முழுப் பாட்டையும் நாமே பாடி முடித்துவிட்டு ‘இப்போது நீ பாடு’ என்று சொல்வதால்தான் பிள்ளை வாயை மூடிக்கொண்டு சேலைக்குப் பின்னால் ஒளிகிறது. கீழே சொல்லப்போகிற எல்லா விளையாட்டும் இந்த ஒன்றிலிருந்து வந்தவைதான்.

முதல் நாள்: ‘ஆமா’

இதற்கு எந்தப் பொருளும் வேண்டாம். பிள்ளையின் கண்ணுக்கு நேராக உங்கள் முகம் இருக்கும்படி தரையில் உட்காருங்கள். அன்றைக்குக் காலையில் நடந்ததையே பாட்டாக்குங்கள். ராகம் தெரிய வேண்டியதில்லை; ஏறி இறங்கும் இரண்டு மூன்று சுரங்கள் போதும். நான் பாடுவது இப்படி இருக்கும்:

காலையிலே எழுந்தாளாம் – ஆமா!
கண்ணைக் கசக்கி நின்றாளாம் – ஆமா!
கோழிக்குஞ்சைக் கண்டாளாம் – ஆமா!
கூப்பிட்டுப் பார்த்தாளாம் – ஆமா!

எல்லா வரிக்கும் ஒரே மெட்டு. ஒவ்வொரு வரியும் தொடையில் நான்கு தட்டு. வரி முடிந்ததும் ஒரு மூச்சு எடுக்கும் நேரம் சும்மா இருங்கள். முதல் நான்கைந்து வரிகளுக்கு மூத்த பிள்ளையோ வீட்டில் வேறு யாராவதோ ‘ஆமா’ சொல்லட்டும். அதற்குப் பிறகு அவர்களும் நிறுத்திவிட்டுச் சின்னவனின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இந்த நிறுத்தத்தில்தான் பெரியவர்கள் தவறு செய்கிறார்கள். பிள்ளை ஒரு நொடி தாமதித்தால் போதும், ‘சொல்லு, ஆமா சொல்லு’ என்று நெருக்குவார்கள். சொல்லவே கூடாது. வாய் திறக்காத பிள்ளை உடம்பால் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். பார்க்கத் தெரிய வேண்டும். என் பேரன் முதல் மூன்று நாளும் ஒரு சத்தமும் எழுப்பவில்லை. ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவனுடைய வலது தோள் மட்டும் மெல்ல மேலே ஏறி இறங்கியது. அது தாளத்தில் இருந்தது. நான்காம் நாள் சோறு ஊட்டும்போது ‘கோழிக்குஞ்சைக் கண்டானாம்’ என்று சும்மா சொன்னேன். வாயில் சோற்றோடு ‘மா’ என்றான். அன்றிலிருந்து அவன் இல்லாமல் எங்கள் வீட்டில் வில்லுப்பாட்டு இல்லை.

இது பழகிய பிறகு பொய் வரிகளைச் சேருங்கள். ‘யானை ஒன்று வந்ததாம், அடுப்பில் தோசை சுட்டதாம்’ என்று அதே மெட்டில் முகத்தை மாற்றாமல் பாடுங்கள். ‘ஆமா’ போட வாயெடுத்த பிள்ளைகள் ஒரு கணம் திகைத்து, பிறகு ‘இல்லை!’ என்று கூரை அதிரக் கத்துவார்கள். வார்த்தையைக் கவனித்துக் கேட்கும் பழக்கம் இப்படித்தான் வருகிறது. நான்கு வயதைத் தாண்டியவர்கள் அடுத்த நாளே தாங்களாகப் பொய் வரி கட்ட ஆரம்பிப்பார்கள். அப்போது ‘ஆமா’ போடும் வேலை உங்களுக்கு வந்துவிடும்.

அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் குரல் பிள்ளையின் குரலைவிட மிகவும் கீழே இருக்கிறது. நீங்கள் உங்கள் வசதிக்குப் பாடினால் பிள்ளைக்குச் சுரம் எட்டாமல் வெறுமனே பேசும் அல்லது கத்தும். பிள்ளை தானாக முணுமுணுக்கும்போது எந்த உயரத்தில் முணுமுணுக்கிறது என்று கேட்டு, அந்த உயரத்துக்கு நீங்கள் ஏறிப் பாடுங்கள். வரியின் நீளமும் அப்படித்தான். தேரூரில் 1876இல் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை குழந்தைகளுக்காக எழுதிய பாடல்களைப் பாருங்கள், வரிகள் எவ்வளவு குட்டையாக இருக்கின்றன என்று. பிள்ளையின் ஒரு மூச்சுக்கு அவ்வளவுதான் கொள்ளும்.

வீட்டு வில்

வில்லுப்பாட்டு நாஞ்சில் நாட்டுக்கும் நெல்லைச் சீமையின் தென்பகுதிக்கும் சொந்தமான கலை. ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்கூட வில்லுப்பாட்டில் தொடங்கித்தான் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் போனார். ஆகவே வில் செய்யாமல் எங்கள் விடுமுறை நகராது.

மூன்றடி நீளத்தில் மூங்கில் பிளாச்சு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பிளாச்சின் ஓரம் கத்திபோல் இருக்கும். உப்புத்தாள் வைத்து விரல் வழுக்கும்வரை தேய்க்க வேண்டும். இந்த வேலையைப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். இரண்டு முனையிலும் பள்ளம் வெட்டி, துணி காயப்போடும் கயிற்றை இழுத்துக் கட்டினால் வில். மூங்கில் கட்டையில் ஆறு சலங்கைகளைத் தனித்தனி நூலில் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு முடிச்சையும் நீங்களே இழுத்துப் பாருங்கள். கழன்று விழுந்த சலங்கை நேரே சின்னவனின் வாய்க்குத்தான் போகும்.

வில்லைக் கயிறு மேலே இருக்கும்படி திருப்பி, கட்டையின் நடுவை ஒரு சிறிய மண்பானையின் கழுத்தில் பழைய துணியால் கட்டிவிட்டால் ஆடாமல் நிற்கும். கயிற்றைத் தட்டுவதற்கு வீசுகோல் வேண்டும். இரண்டு பென்சில்களின் நுனியில் துணியைச் சுற்றி நூலால் கட்டிக்கொள்ளுங்கள். அப்போது நுனி குத்தாது. பிள்ளைகள் கையை நீட்டினால் ஒருவர்மேல் ஒருவர் படாத அளவு தள்ளி உட்கார வேண்டும். இது எங்கள் வீட்டின் சட்டம்.

குடத்துக்குக் குழாயடியில் வைக்கிற பிளாஸ்டிக் குடமே போதும். காலிக் குடத்தைப் பக்கத்தில் வைத்து, அதன் வாயில் பனையோலை விசிறியால் ஓர் அடி. ‘பும்’ என்று வயிற்றுக்குள் கேட்கும் ஒரு சத்தம் வரும். வாயை முழுக்க மூடும்படி விசிறி படட்டும், உடனே எடுத்துவிடட்டும். மேலே வைத்து அழுத்தினால் சத்தம் செத்துவிடும். அப்பா என் கையைப் பிடித்துச் சொன்னது: “அடிக்காதே மக்களே, தொட்டுவிட்டு ஓடிவா.” என் பேத்திக்கும் நான் அதையே சொன்னேன். அவள் இரண்டாவது அடியிலேயே பிடித்துக்கொண்டாள்.

இந்தக் குடத்தில் கால்வாசி தண்ணீர் ஊற்றி மறுபடி அடித்தால் சத்தம் மேலே ஏறும். அப்படியே சமையலறைக்குப் போய் ஓர் எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டிக் கேளுங்கள். அதில் தண்ணீர் ஊற்றிவிட்டுத் தட்டினால் சத்தம் கீழே இறங்கும். குடத்தில் அதிர்வது உள்ளே இருக்கும் காற்று. தண்ணீர் ஏற ஏறக் காற்றுக்கு இடம் குறைகிறது. டம்ளரில் அதிர்வது அதன் சுவர். தண்ணீர் அதற்குப் பாரமாகிறது. இந்த விளக்கம் பெரியவர்களுக்கு மட்டும். பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். ‘இதில் ஊற்றினால் ஏறுகிறது, அதில் ஊற்றினால் இறங்குகிறது’ என்று அதுவே ஓடிவந்து உங்களிடம் சொல்லும் சந்தோஷத்தை ஏன் பறிக்க வேண்டும்?

டம்ளர் வரிசை வைக்கும்போது ஏழு வைக்காதீர்கள். ஏழு வைத்தால் பிள்ளை ஓட்டமாய் ஓடித் தட்டிவிட்டு எழுந்துவிடும். மூன்று வையுங்கள். மூன்றில் ஒன்றை நீங்கள் தட்டி, ‘இது எங்கே?’ என்று கேளுங்கள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, பிறகு தேடித் தட்டட்டும்.

கிலுகிலுப்பைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிறிய பாட்டிலில் அரிசி போட்டால் ‘ஷ்ஷ்’ என்று மழைச்சாரல் போலவும், புளியங்கொட்டை போட்டால் கடகடவென்றும் சத்தம் வரும். மூடியைப் பசை போட்டு ஒட்டி, மேலே டேப்பும் சுற்ற வேண்டும். அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை மட்டும் போடாதீர்கள். அது கடும் நஞ்சு. மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பட்டனைத் தொட்டால் பாடும் மலிவான பொம்மைகளில் இருக்கும் பொட்டு பேட்டரியும் அப்படித்தான். அந்தப் பொம்மை இல்லாமலே விடுமுறை கழியட்டும்.

சிரட்டை, அதாவது கொட்டாங்குச்சி, நம் ஊரில் எந்த வீட்டில் இல்லை? நாரைச் சீவி, விளிம்பைத் தரையில் தேய்த்து மழுக்கிவிட்டு இரண்டு பாதிகளையும் மோதினால் குதிரை ஓடும். கவிழ்த்து மோதினால் ஒரு சத்தம், முதுகோடு முதுகு மோதினால் வேறு சத்தம்.

பூவரசம் பீப்பி

இதற்குத் தனியாக ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள். குளக்கரையிலும் வேலியோரத்திலும் பூவரசு நிற்கும். பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய் அவளையே இலை பறிக்கச் சொல்வேன். தளிர் இலை துவண்டுவிடும். முற்றிய இலை சுருட்டும்போது உடையும். இடைப்பட்டது வேண்டும். விரலில் வைத்து மடக்கினால் மடங்கி, விட்டால் மறுபடி நிமிர வேண்டும். அதுதான் பக்குவம்.

காம்பைக் கிள்ளி எறியுங்கள். நடுநரம்பு தடித்திருந்தால் நகத்தால் வகிர்ந்து எடுத்துவிட்டுப் பாதி இலையை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டிக்கொண்டே போங்கள். உள்துளை பென்சில் முனை நுழையும் அளவு இருந்தால் போதும். பிறகு ஒரு முனையை மட்டும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தட்டையாக நசுக்குங்கள். நசுக்கிய முனையைப் பல் படாமல் உதட்டுக்குள் வைத்து ஊத வேண்டும்.

முதல் தடவை வெறும் காற்றுதான் வரும். இன்னும் கொஞ்சம் நசுக்குங்கள். உதட்டை இறுக்குங்கள். திடீரென்று ‘பீ’ என்று ஒரு கூச்சல் கிளம்பும், உதடு கூசும். பேத்திக்கு அந்தச் சத்தம் வந்தபோது அவள் பீப்பியைக் கீழே போட்டுவிட்டு உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். “பாட்டி, இலை நடுங்குகிறது!” என்றாள். நாதஸ்வரத்தில் சீவாளி செய்யும் வேலையும் அதுவேதான். அங்கே நாணல் தட்டை, இங்கே பூவரசு இலை. தட்டையான இரண்டு உதடுகள் காற்றில் மாறி மாறித் திறந்து மூடுகின்றன. அந்த வாரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தோம். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் நனைத்ததைப் பார்த்துவிட்டு, “அவரும் பீப்பி வைத்திருக்கிறார்” என்று என் காதில் சொன்னாள்.

நீளமான இலைக்குத் தடித்த குரல், குட்டை இலைக்குக் கீச்சுக் குரல். ஒரே பீப்பியைக் கத்தரிக்கோலால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக் குட்டையாக்கிக்கொண்டே ஊதினால் இது தெளிவாகத் தெரியும். தென்னங்கீற்றிலும் பீப்பி செய்யலாம். ஈர்க்கை உருவிவிட்டு, ஓலையைக் கூம்புபோலச் சுற்றிக்கொண்டே போய், அகன்ற ஓரத்தில் அந்த ஈர்க்காலேயே குத்தி நிறுத்த வேண்டும். ஈர்க்கின் முனை கூர்மையானது. மூன்று வயதுக்குக் குறைந்தவர்கள் கையில் கொடுக்க வேண்டாம். அவர்களுக்குப் பூவரசே நல்லது. ஒருவர் வாயில் வைத்ததை இன்னொருவர் வைக்கக் கூடாது. இலைக்கா பஞ்சம், ஆளுக்கு ஒன்று செய்துகொள்ளலாம்.

இழுவைப் பாட்டு

கடற்கரை ஊர்களில் கரமடி என்னும் பெரிய வலையைக் கரையிலிருந்து இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு வரிசையாக நின்று, பாட்டுக்கு ஒத்து ஒரே நேரத்தில் எல்லாரும் பின்னால் சாய்வார்கள். பாட்டு இல்லாவிட்டால் ஆளுக்கொரு நேரம் இழுத்து வலை வராது. தாளம் எதற்கு என்று பிள்ளைக்கு உடம்பாலேயே புரியவைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பழைய வேட்டி ஒன்றை முறுக்கிக் கயிறாக்கி, ஒரு முனையில் தலையணைகளை வைத்துக் கட்டுங்கள். அதுதான் வலை. பிள்ளைகள் வரிசையாகப் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் ‘வலையிலே என்ன மீன்?’ என்று பாடுங்கள். அவர்கள் ‘ஏலேலோ!’ என்று சொல்லி, அந்தச் சொல்லில் மட்டும் இழுக்க வேண்டும். அடுத்தது ஒவ்வொருவராக ஒரு மீன் பெயர். ‘சாளை வருது பார்’ – ஏலேலோ! ‘நெத்திலி வருது பார்’ – ஏலேலோ! எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு எது தெரிகிறதோ இல்லையோ மீன் பெயர் தெரியும். சாளை, அயிலை, வாளை, நெய்மீன் என்று வரிசையாக வரும். மீன் சாப்பிடாத வீடானால் காய்கறி வண்டியை இழுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ள மட்டும் யாரையும் விடாதீர்கள். இரண்டு வயதுப் பிள்ளை தப்பான நேரத்தில் இழுக்கும், இழுக்கட்டும். மற்றவர்களின் இழுப்பு அவனையும் சேர்த்து ஆட்டும். நான்கைந்து முறைக்குள் அவன் உடம்பு தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

ஓணத்துக்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். கல்குளம், விளவங்கோடு பக்கம் மரக்கிளைகளில் ஊஞ்சல் தொங்கும். அங்கேயும் இதே பாடம்தான். ஊஞ்சல் ஒருமுறை போய்வரும் நேரத்தைக் கயிற்றின் நீளம்தான் முடிவுசெய்கிறது. கொஞ்சம் ஓங்கித் தள்ளினாலும் அது பெரிதாக மாறாது. ஆகவே நீளக் கயிற்று ஊஞ்சலில் நிதானமான பாட்டையும், வீட்டுக்குள் கட்டிய குட்டை ஊஞ்சலில் துள்ளல் பாட்டையும் பாடுங்கள். ஊஞ்சல் உங்கள் கைக்குத் திரும்பி வரும் இடத்தில் பாட்டின் கனமான சொல் விழ வேண்டும். விழுந்தால் பிள்ளை சிரிக்கும்; அதுவே உங்களுக்குச் சாட்சி.

கேட்பதும் விளையாட்டுதான்

பிள்ளைகள் களைத்துவிட்டால் திண்ணையில் உட்கார்ந்து கண்ணை மூடச் சொல்வேன். ஐந்து நிமிடம். கேட்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு விரலை மடக்க வேண்டும். எங்கள் திண்ணையில் மாலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் கோயில் மணி, சர்ச் மணி, பள்ளிவாசலில் வாங்கு, பஸ் ஆரன், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், தென்னையோலை உரசல் எல்லாம் வந்துவிடும். பேத்தி ஒருநாள் பத்து விரலும் போதாமல் 11 எண்ணினாள். பதினொன்றாவது எது என்றேன். “தம்பி மூச்சு” என்றாள்.

மே மாதக் கடைசியில் மழை வரும். ஜூனில் தென்மேற்குப் பருவம், ஐப்பசியில் வடகிழக்கு என்று நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழை வந்தால் இறவாரத்து நீர் விழும் இடத்தில் ஈயப் பாத்திரம், பிளாஸ்டிக் வாளி, கவிழ்த்த சிரட்டை, வாழையிலை என்று வரிசையாக வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து கேளுங்கள். எது எங்கே என்று பிள்ளை பெயர் சொல்லட்டும். இடி மின்னல் இருந்தால் முற்றத்தில் இறங்க வேண்டாம், பாத்திரங்களை அப்படியே விட்டுவிடுங்கள்.

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் ஒரே கல்லில் செதுக்கிய இசைத்தூண்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சிறு தூணும் தட்டினால் ஒவ்வொரு சுரம் தரும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள், ஆனால் தட்டவிடாதீர்கள். பல தலைமுறையாகக் கைகள் தட்டித் தட்டியே கல் தேய்கிறது. தூணைப் பார்த்துவிட்டு வந்த அன்று நாங்கள் முற்றத்தில் ஓட்டுத் துண்டு, கருங்கல், செங்கல், சல்லி என்று பொறுக்கிவந்து, சிறிய மரக்கட்டையால் தட்டிப் பார்த்தோம். உடைந்த கூரையோட்டுத் துண்டுதான் மணிபோல ஒலித்தது. அதை இன்னும் வைத்திருக்கிறோம்.

திருவிழாவுக்குக் கூட்டிப் போகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பேத்திக்கு இரண்டு வயதானபோது ஒரு திருவிழாவில் சிங்காரி மேளத்துக்குப் பக்கத்திலேயே அவளைத் தூக்கிக்கொண்டு நின்றேன். நன்றாகப் பார்க்கட்டும் என்ற ஆசை. மேளம் உச்சத்துக்குப் போனதும் அவள் உடம்பு விறைத்துவிட்டது, வீறிட்டு அழுதாள். அதற்குப் பிறகு பல மாதங்கள், தெருமுனையில் ஒரு கொட்டுச் சத்தம் கேட்டாலும் என் மடிக்கு ஓடிவருவாள். சின்னக் காது அவ்வளவு சத்தம் தாங்காது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

அந்தப் பயத்தைப் போக்கியது ஒரு விளையாட்டு. வீட்டு வாளியைக் கவிழ்த்து நான் கொட்டுவேன். அவள் எதிரே நிற்பாள். கையை உயர்த்தினால் சத்தம் ஏறும், தாழ்த்தினால் இறங்கும், விரலை மடக்கி முட்டியாக்கினால் சட்டென்று நின்றுவிடும். முதல் வாரம் அவள் கை தரையோடுதான் இருந்தது. நான் விரல் நுனியால்தான் கொட்ட முடிந்தது. பிறகு முழங்கால் உயரம், இடுப்பு உயரம். சத்தத்தை நிறுத்துவது தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தபின் ஒருநாள் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினாள். அடுத்த வருடத் திருவிழாவில் தெருவின் மறுகோடியில் நின்று முழு மேளத்தையும் கேட்டோம். இன்றும் கோன் ஸ்பீக்கருக்கும் மேளத்துக்கும் பக்கத்தில் பிள்ளைகளைக் கொண்டுபோவதில்லை. இந்தக் கை விளையாட்டை எல்லாப் பிள்ளைகளோடும் விளையாடலாம், பயந்தவர்கள் மட்டும் என்றில்லை. கூச்சப்படும் பிள்ளைக்கு இது குறிப்பாக நல்லது. வாய் திறக்காமலே குழுவை நடத்துகிறது அல்லவா?

அரையாண்டு விடுமுறையில் கிறிஸ்துமஸ் வரும். வீட்டுக்கு வீடு நட்சத்திரமும் குடிலும். இரவில் கேரல் குழுக்கள் டிரம்மோடு வருவார்கள். அதற்குள் சின்னவர்கள் தூங்கிவிடுவார்கள். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலை ஐந்தரை மணிக்கே தனி பவனி. இந்துப் பிள்ளை, கிறிஸ்தவப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை எல்லாரும் உண்டு. மூன்றே வீடு, ஆளுக்கு ஒரு கிலுகிலுப்பை, எல்லாருக்கும் தெரிந்த ஒரே பாட்டு. அந்த மூன்று வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுவேன், ‘பாட்டு முடிந்ததும் நீங்களும் ஒரு வரி திருப்பிப் பாட வேண்டும்’ என்று. கேக்கைவிட அந்தப் பதில் வரிக்காகத்தான் பிள்ளைகள் அடுத்த வீட்டுக்கு ஓடுகிறார்கள்.

எவ்வளவு நேரம் என்று கேட்பார்கள். இரண்டு மூன்று வயதுக்கு ஒரு தடவையில் பத்து நிமிடம் போதும். ஐந்து வயதுக்குக் கால் மணி நேரம், இருபது நிமிடம். பிள்ளை எழுந்து போனால் போகட்டும். நீங்கள் பாடுவதை நிறுத்தாமல் இருந்தால் திரும்பி வரும். நேற்றுப் பாடியதையே இன்றும் பாடுங்கள். நமக்குத்தான் சலிப்பு, அவர்களுக்குத் தெரிந்த பாட்டு திரும்ப வருவதுதான் இன்பம். கைபேசிக்கு ஒரே ஒரு வேலை கொடுக்கிறேன்: பிள்ளைகள் பாடியதைப் பதிவுசெய்து உடனே போட்டுக் காட்டுவது. தங்கள் ‘ஆமா’வைத் தாங்களே கேட்கும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

இரவில்

தூங்க வைக்கும்போதும் அதே பாட்டைத்தான் எடுக்கிறேன், வேகத்தைப் பாதியாக்கி. விளக்கை அணைத்துவிட்டுச் சேலைத்தொட்டிலின் ஆட்டத்துக்கு ஒத்துப் பாடுவேன். ‘கோழிக்குஞ்சும் தூங்கியதாம்.’ தொட்டிலுக்குள்ளிருந்து ‘மா.’ ‘கொட்டில் மாடும் தூங்கியதாம்.’ ‘மா.’ ஒவ்வொரு வரியிலும் ஒரு சொல்லைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் சொல் எதுவும் இல்லாமல் மெட்டை மட்டும் முனகுவேன். நிறுத்தும் இடத்தை மட்டும் குறைப்பதில்லை, நீட்டுவேன். முதலில் பதில் தாமதமாக வரும், பிறகு பாதிச் சத்தமாக வரும். தொட்டிலை எட்டிப் பார்க்க வேண்டாம், பிள்ளையை அசைக்கவும் வேண்டாம். ஒரு வரியை முனகிவிட்டுக் காத்திருங்கள். ‘மா’ வரவில்லை என்றால் தூங்கிவிட்டான்.